மைக் யார் கையில்?

2012 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டன் ஒலிம்பிக் அரங்கில் பாராலிம்பிக் ஆண்கள் 200 மீட்டர் டி44 பிரிவு இறுதி ஓட்டம். தங்கம் யாருக்கு என்று ஊரே முடிவு கட்டிவிட்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கர் பிஸ்டோரியஸும் அந்த முடிவுக்கு ஏற்றபடிதான் ஓடினார். வளைவு முடிந்து நேர்ப்பாதைக்குள் நுழையும்போது அவர்தான் முதலில். பிறகு, பின்னாலிருந்து ஒருவர் சீறிக்கொண்டு வந்தார். பிரேசிலின் ஆலன் ஒலிவேரா, வயது 20. எல்லைக்கோட்டில் ஒலிவேரா 21.45 விநாடி, பிஸ்டோரியஸ் 21.52.

மூச்சு இறங்குவதற்குள் பிரிட்டனின் சேனல் 4 நிருபரின் மைக் பிஸ்டோரியஸ் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. இரண்டு வார்த்தை வாழ்த்திவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர் நகரவில்லை. ஒலிவேராவின் செயற்கைக் கால்கள் அளவுக்கு மீறி உயரமானவை, இது சமமான போட்டியே இல்லை என்று நேரலையில் பொரிந்து தள்ளினார். மறுநாள் மன்னிப்புக் கேட்டார். அதுவும் பேசிய நேரம் தவறு என்பதற்குத்தான். பேசிய விஷயத்தில் அவர் பின்வாங்கவில்லை.

பெருந்தன்மை இல்லாத பேச்சுதான், சந்தேகமில்லை. ஆனால் மாற்றுத்திறனாளிகள் விளையாட்டின் தொலைக்காட்சி வரலாற்றில் அதைவிட நல்ல இரவு ஒன்றைச் சொல்வது கடினம். இரண்டு காலும் இல்லாத ஒருவருக்கு எவ்வளவு உயரம்வரை செயற்கைக் கால் அனுமதி? கையின் அளவை வைத்துக் கணக்கிடும் அந்தச் சூத்திரம் சரியா? ஸ்டூடியோவில் பேசினார்கள், மறுநாள் அலுவலகங்களில் பேசினார்கள். கால் இல்லாதவர் ஓடுகிறாரே என்று கண்கலங்கிக்கொண்டிருந்த ஒரு தேசம், அந்தக் கால் எத்தனை அங்குலம் இருக்கலாம் என்று சண்டை போட ஆரம்பித்தது. நடுவர் தீர்ப்பையும் மட்டையின் அகலத்தையும் பற்றிச் சண்டை போடுவதற்குப் பெயர்தான் விளையாட்டு ரசனை. பாராலிம்பிக்குக்கு அந்த மரியாதை அன்றிரவு கிடைத்தது.

அது தானாகக் கிடைத்துவிடவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சேனல், இரண்டரை ஆண்டு முன்தயாரிப்பு, கொஞ்சம் திமிர் எல்லாம் இருந்தன.

அரைக்கு அரை

பிரிட்டனில் பாராலிம்பிக் என்றால் பிபிசி என்றுதான் பல ஆண்டுகள் இருந்தது. 2010 ஜனவரியில் லண்டன் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையைச் சேனல் 4 தட்டிச்சென்றபோது பலருக்கும் அதிர்ச்சி. சேனல் 4 அரசுக்குச் சொந்தமானது. ஆனால் வருமானம் விளம்பரத்திலிருந்து. மற்ற சேனல்கள் கண்டுகொள்ளாத குரல்களுக்கு இடம் கொடுக்கவென்றே 1982-ல் தொடங்கப்பட்டது. விளையாட்டு ஒளிபரப்பில் பிபிசியின் பக்கத்தில்கூட நிற்க முடியாத சேனல் என்பது அன்றைய பேச்சு.

நேரலை நேரத்தைப் பல மடங்காக்குவது பணப் பிரச்சினை, அதைத் தீர்த்துவிடலாம். சேனல் 4 கையில் எடுத்தது அதைவிடச் சிக்கலானது. திரையில் தோன்றும் தொகுப்பாளர்கள், நிருபர்களில் பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். சரி, ஆட்கள் எங்கே? இருந்தால்தானே! கால் நூற்றாண்டுக்கு மேல் யாரும் வாய்ப்புக் கொடுக்காத துறையில் அனுபவசாலிகள் எங்கிருந்து வருவார்கள்? நாடு முழுக்கத் தேடல் நடத்தி, புதியவர்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, சிறு நிகழ்ச்சிகளில் பழக்கி, பிறகுதான் லண்டன் அரங்குக்கு அழைத்துவந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஆர்தர் வில்லியம்ஸ் முன்னாள் கடற்படை வீரர். 2007-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். மார்ட்டின் டூகன் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடியவர். ரேச்சல் லேதம் நீச்சல் வீராங்கனை. அலெக்ஸ் புரூக்கர் பத்திரிகையாளர், பிறவியிலேயே கைகளில் குறைபாடு, ஒரு கால் செயற்கை. இவர்களுக்கு முன்பே திரையில் அறிமுகமாகியிருந்த ஏட் அடெபிடன் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் பிரிட்டனுக்காக ஆடியவர். இவர்களோடு கிளேர் பால்டிங் போன்ற கைதேர்ந்த தொகுப்பாளர்களும் இருந்தார்கள். புதியவர்கள் மட்டும் என்றால் நிகழ்ச்சி கவிழ்ந்துவிடும், பழையவர்கள் மட்டும் என்றால் எதற்கு இந்தப் பாடு!

முதல் நாட்களில் தடுமாற்றம் இல்லாமல் இல்லை. தொடக்க விழாவில் அணிவகுப்புக்கு நடுவே விளம்பரம் வந்ததற்கு நேயர்கள் பொங்கித் தீர்த்தார்கள். பிபிசியில் விளம்பரமே கிடையாது என்பதால் பிரிட்டன் நேயர்களுக்கு அது இரட்டைக் கடுப்பு. ஸ்டூடியோவில் பேச்சு அதிகம், களத்தைக் காட்டுவது குறைவு என்றும் முணுமுணுப்பு. இருந்தாலும் தொடக்க விழாவை உச்ச நேரத்தில் 1 கோடியே 12 லட்சம் பேர் பார்த்தார்கள். சேனல் 4-க்குப் பத்தாண்டுகளில் கிடைக்காத கூட்டம் அது. செப்டம்பர் 6 இரவு, ஜானி பீகாக் 100 மீட்டரை 10.90 விநாடியில் ஓடித் தங்கம் வென்றதை 63 லட்சம் பேர் பார்த்தார்கள். ஓட்டம் தொடங்குமுன் அரங்கமே அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்க, 19 வயதுப் பையன் உதட்டில் விரலை வைத்து 80 ஆயிரம் பேரை அமைதிப்படுத்தினானே, அதற்கு எந்த வர்ணனையாளரும் தேவைப்படவில்லை.

எண்களும் எழுத்துகளும்

பாராலிம்பிக் வர்ணனையின் உண்மையான கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. கிரிக்கெட் வர்ணனையாளர் எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்று ஒவ்வொரு ஓவரிலும் விளக்க வேண்டியதில்லை. இங்கே ஒவ்வொரு போட்டியும் ஒரு எழுத்தோடும் எண்ணோடும் வருகிறது. தடகளத்தில் டி என்றால் ஓட்டமும் தாண்டலும், எஃப் என்றால் எறிதல். முதல் இலக்கம் குறைபாட்டின் வகை. 1 பார்வை, 2 அறிவுத்திறன், 3 மூளை முடக்குவாதம் போன்ற ஒருங்கிணைப்புச் சிக்கல், 4 கை கால் குறைபாடும் குள்ளத்தன்மையும், 5 சக்கர நாற்காலி. 2018 முதல் செயற்கைக் காலோடு ஓடித் தாண்டுபவர்களுக்கு 6. இரண்டாவது இலக்கம் பொதுவாகப் பாதிப்பின் அளவு. எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம். நீச்சலில் கணக்கு வேறு. பூப்பந்தில் அதுவும் வேறு. பிஸ்டோரியஸும் ஒலிவேராவும் இரு காலும் இல்லாதவர்கள், முறைப்படி டி43. அவர்கள் ஓடியது ஒரு காலை இழந்தவர்களுக்கான டி44 போட்டியில். இதை விளங்கிக்கொள்ளாமல் அந்த 200 மீட்டர் சண்டையே புரியாது. 200 மீட்டரோ 22 விநாடியில் முடிந்துவிடுகிறது. எப்போது விளக்குவது?

இதற்கு வழி கண்டவர் ஜைல்ஸ் லாங். பாராலிம்பிக் நீச்சலில் தங்கங்கள் வென்ற பிரிட்டன் வீரர். தான் நீந்தும் பிரிவைப் பார்ப்பவர்களுக்குப் புரியவைக்க முடியாத எரிச்சலை நீச்சல் குளத்திலேயே அனுபவித்தவர். லெக்ஸி என்ற பெயரில் ஒரு வரைபட முறையை உருவாக்கினார். போட்டி தொடங்குமுன் திரையில் ஒரு மனித உருவம் வரும். பாதிப்பில்லாத உறுப்பு பச்சை, ஓரளவு பாதிப்பு மஞ்சள், கடும் பாதிப்பு சிவப்பு. சில விநாடிகள்தான். பார்ப்பவருக்கு யார் எந்த இடத்தில் தடுமாறுவார், எந்த இடத்தில் பலம் காட்டுவார் என்று பிடிபட்டுவிடும். மருத்துவ அறிக்கை மாதிரி நீட்டி முழக்காமல் சொல்ல முடிந்ததுதான் அதன் அழகு. லண்டனில் சேனல் 4 அதைப் பயன்படுத்தியது, அடுத்தடுத்த போட்டிகளிலும் தொடர்ந்தது.

குழப்பம் வர்ணனையாளருக்கு மட்டுமல்ல, நடத்துபவர்களுக்கே வரும். அதே லண்டனில் பெண்கள் வட்டு எறிதல் எஃப்35/36 போட்டி. இரண்டு பிரிவுகளைச் சேர்த்து நடத்தும்போது யார் எவ்வளவு தூரம் எறிந்தார் என்பதை அப்படியே ஒப்பிட முடியாது. பாதிப்புக்கு ஏற்பப் புள்ளிகளாக மாற்ற வேண்டும். கணக்கில் பிழை. உக்ரைனின் மரியா போமஸானுக்குத் தங்கம் அறிவித்து, பதக்க விழாவே நடந்துமுடிந்தபின், இல்லை, தங்கம் சீனாவின் வூ சிங்குக்கு என்று திருத்தினார்கள். நேரலையில் ஒருவரை வெற்றியாளர் என்று கொண்டாடி முடித்த வர்ணனையாளரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உலகம் முழுக்கப் போகும் காட்சி ஒன்றேதான். ஒலிம்பிக் ஒளிபரப்புக்கென்று 2001-ல் அமைக்கப்பட்ட ஓ.பி.எஸ். நிறுவனம்தான் பாராலிம்பிக்கையும் படம்பிடித்து, காட்சியையும் அரங்கத்தின் ஒலியையும் எல்லா நாட்டுச் சேனல்களுக்கும் தருகிறது. நாட்டுக்கு நாடு மாறுவது மேலே ஏறும் குரல். பல சேனல்கள் வர்ணனையாளரைப் போட்டி நடக்கும் ஊருக்கு அனுப்புவதுகூட இல்லை. சொந்த ஊரிலேயே ஒரு சிறு அறையில் திரையைப் பார்த்துப் பேச வைக்கிறார்கள். கேமரா காட்டாததை அவர் பார்க்க முடியாது. வீரர் தன் செயற்கைக் காலைக் கழற்றி உள்ளுறையைச் சரிசெய்கிறார் என்றால், அது திரையில் வந்தால்தான் அவருக்குத் தெரியும். வந்தாலும், ஏன் செய்கிறார் என்று சொல்ல அனுபவம் வேண்டும்.

இதனால்தான் முன்னாள் வீரர் பக்கத்தில் உட்காருவது சலுகையே இல்லை, தொழில் தேவை. 2004 ஏதென்ஸில் 800 மீட்டர் தங்கம் வென்ற டேனி கிரேட்ஸுக்கு ஒரு கை கிடையாது. ஒரு கையில்லாமல் நெரிசலில் வளைவு திரும்பும்போது உடல் எந்தப் பக்கம் சாயும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பேசாமல் இருக்கும் கலை

பார்வையற்றோர் கால்பந்தை நேரில் பார்த்தவர்கள் முதலில் வியப்பது மைதானத்தின் அமைதியை. பந்துக்குள் கிலுகிலுப்பை. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆட்டம். பந்தைப் பறிக்க வருபவர் 'வோய்' என்று குரல் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் தவறு. எதிரணியின் கோலுக்குப் பின்னால் ஒரு வழிகாட்டி நின்று திசை சொல்வார். கோல்கீப்பருக்கு மட்டும் பார்வை உண்டு. பார்வையாளர்கள் கோல் விழும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பாரிஸ் 2024-ல் ஈஃபில் கோபுரத்தின் அடியில் போட்டார்கள் அந்த மைதானத்தை. இறுதிப்போட்டியில் பிரான்ஸ் பெனால்டியில் அர்ஜென்டினாவை வென்றது. சொந்த மண்ணில் ஒரு பிரெஞ்சுக் கூட்டம் அத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே தனிச் சாதனை!

இந்த ஆட்டத்துக்கு வர்ணனை செய்பவர் என்ன செய்வார்? வழக்கமான கால்பந்து பாணியில் மூச்சுவிடாமல் கத்தினால், நேயருக்கு அந்தக் கிலுகிலுப்பைச் சத்தம் கேட்காது. ஆட்டத்தின் உயிரே அந்தச் சத்தத்தில்தான். ஆக, நல்ல வர்ணனையாளர் சொல்லைக் கிள்ளிக் கிள்ளித்தான் வைப்பார். டி11 ஓட்டங்களும் அப்படியே. பார்வையற்ற ஓட்டக்காரரும் வழிகாட்டியும் ஒரு சிறு கயிறால் கைகோத்து ஓடுகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு தடங்கள் என்பதால் இறுதிப்போட்டியில் நான்கு ஜோடிகள்தான். எல்லைக்கோட்டை வழிகாட்டி முதலில் தொட்டால் தகுதியிழப்பு.

அந்தக் கயிறு சில சமயம் போட்டியையே முடித்துவைக்கும். பாரிஸில் பெண்கள் டி12 மராத்தான். ஸ்பெயினின் எலெனா கொங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோடு கண்ணெதிரே. வழிகாட்டிக்குத் தசைப்பிடிப்பு, தள்ளாடினார். எலெனா அவரைத் தாங்கிப்பிடிக்கக் கயிற்றை ஒரு கணம் விட்டார். தகுதியிழப்பு, வெண்கலம் போயிற்று. இதை உருக்கமான கதையாகச் சொல்வது எளிது. விதி எதற்காக இருக்கிறது, விலக்கு கொடுத்தால் அடுத்த போட்டியில் என்ன நடக்கும் என்றும் சேர்த்துச் சொல்பவர்தான் விளையாட்டு வர்ணனையாளர். என் கட்சியைக் கேட்டால், எலெனாவின் பக்கம்தான். ஆனால் விதியைத் தெரிந்துகொண்டுதான் அந்தப் பக்கம் நிற்க முடியும்.

சிரிக்கலாமா?

லண்டன் போட்டிகளின்போது ஒவ்வோர் இரவும் சேனல் 4 ஒரு பேச்சு நிகழ்ச்சி நடத்தியது. 'தி லாஸ்ட் லெக்'. தொகுத்தவர் ஆடம் ஹில்ஸ், வலது பாதம் இல்லாமல் பிறந்த ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர். கூடவே அலெக்ஸ் புரூக்கரும், எந்தக் குறைபாடும் இல்லாத ஜோஷ் விட்டிகோமும். இதைக் கேட்கலாமா, அதைச் சொல்லலாமா என்று நேயர்கள் டுவிட்டரில் கேள்வி அனுப்பினார்கள். மனதுக்குள் எல்லாருக்கும் இருந்த, வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகள். மூவரும் அவற்றைப் பிரித்து மேய்ந்தார்கள், தங்களையே கிண்டலடித்துக்கொண்டார்கள். போட்டி முடிந்ததும் மூட்டை கட்டியிருக்க வேண்டிய நிகழ்ச்சி, 2013 ஜனவரியில் வாராந்திர நிகழ்ச்சியாகத் திரும்பிவந்து பல ஆண்டுகள் ஓடியது. பல நூறு மணி நேர நேரலையைவிட இந்த நிகழ்ச்சி பிரிட்டன் வீடுகளின் கூச்சத்தை அதிகம் போக்கியது என்பது என் கணிப்பு. பக்கத்து வீட்டுக்காரரின் செயற்கைக் காலைப் பற்றி ஒருவர் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தால், அவரது 100 மீட்டர் ஓட்டத்தைப் பற்றியும் சாதாரணமாகப் பேசுவார்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நிலவரம் வேறு. அமெரிக்காவில் உரிமை வைத்திருந்த என்.பி.சி., லண்டன் பாராலிம்பிக்கில் ஒரு நிமிடம்கூட நேரலையாகக் காட்டவில்லை. போட்டிகளின் சுருக்கமாக மொத்தம் ஐந்தரை மணி நேரம், அதிலும் பெரும்பகுதி கேபிள் சேனலில். பாராலிம்பிக் கமிட்டித் தலைவர் பிலிப் கிரேவன் வெளிப்படையாகவே கண்டித்தார். சூடு பட்டது. ரியோ 2016-ல் 66 மணி நேரம். டோக்கியோவுக்கு எல்லாத் தளங்களையும் சேர்த்து 1,200 மணி நேரம் அறிவித்தார்கள். பாரிஸில் முதன்முறையாக 22 விளையாட்டுகளும் நேரலையாகப் படம்பிடிக்கப்பட்டன.

அதிமனிதர்கள் என்ற பொறி

சேனல் 4-ஐ இவ்வளவு புகழ்ந்தபிறகு அதன் கோளாறையும் சொல்லியாக வேண்டும். 2012 ஜூலை 17 அன்று பிரிட்டனின் 78 சேனல்களில் ஒரே நேரத்தில் ஒன்றரை நிமிட டிரெய்லர் ஒளிபரப்பானது. இயக்கியவர் டாம் டாக்ஹோம். பின்னணியில் பப்ளிக் எனிமியின் ராப் பாட்டு. வியர்வை, சதை, உலோகம், நடுவே ஒரு குண்டுவெடிப்பு, ஒரு கார் விபத்து. இவர்கள் அதிமனிதர்கள், வந்து பாருங்கள் என்று சவால். விளம்பரமாகப் பிரமாதம். ஒலிம்பிக் முடிந்ததும், முன்னோட்டத்துக்கு நன்றி என்ற பொருளில் விளம்பரப் பலகை வைத்தார்களே, அந்தத் திமிரும் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் எல்லா மாற்றுத்திறனாளியும் அதிமனிதர் ஆக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. அதே கோடையில் பிரிட்டிஷ் அரசு மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையில் கை வைத்துக்கொண்டிருந்தது. வேலை செய்யத் தகுதியானவரா என்று பரிசோதிக்கும் ஒப்பந்தத்தை வைத்திருந்த ஆட்டோஸ் நிறுவனமே பாராலிம்பிக்கின் ஆதரவாளர்களில் ஒன்று. அதன் அலுவலகங்களுக்கு வெளியே போராட்டம் நடந்தது. செப்டம்பர் 3 அன்று நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் பதக்கம் அணிவிக்க வந்தபோது அரங்கம் முழுக்கக் கூச்சலிட்டு அவரை வரவேற்றது. நேரலையில் அந்தச் சத்தத்தை யாராலும் வெட்ட முடியவில்லை. ஓடி ஜெயிப்பவரைப் பார்த்துவிட்டு, 'அவரால் முடிகிறதே, உனக்கு என்ன?' என்று பக்கத்துத் தெருவில் இருப்பவரைக் கேட்பதற்கு அதிமனிதர் என்ற சொல் நல்ல வசதி. ஆஸ்திரேலிய எழுத்தாளரும் நகைச்சுவைக் கலைஞருமான ஸ்டெல்லா யங் அதே ஆண்டு இந்த உத்வேகக் கதை வியாபாரத்தைத் தோலுரித்து எழுதினார். 2014-ல் மறைந்தார். அவர் எழுதியது இன்றும் விளையாட்டுச் செய்தியாளர்கள் படிக்க வேண்டியது.

சேனல் 4-க்கும் இது உறைத்தது. ரியோவுக்கு எடுத்த விளம்பரத்தில் அதிமனிதர் என்ற சொல் இருந்தாலும் பாடகர்கள், தாய்மார்கள், அன்றாட வாழ்க்கை வாழ்பவர்கள் எல்லாரும் வந்தார்கள். டோக்கியோவுக்கு எடுத்ததில் அந்தச் சொல்லையே இரண்டாக உடைத்து மனிதரின் பக்கம் சாய்ந்தார்கள். பாரிஸுக்கு வந்தபோது தாக்குதல் நேயர்மீதே திரும்பியது. 'இவருக்கு இருக்கும் குறைக்கு இது பெரிய விஷயம்தானே' என்ற பாராட்டை எடுத்து, அந்த முதல் பாதியைக் கேலி செய்தார்கள். புவியீர்ப்புக்கும் உராய்வுக்கும் நேரத்துக்கும் அந்தச் சலுகையெல்லாம் தெரியாது என்பது அதன் வாதம். அதே பாரிஸில், காது கேளாத நடிகை ரோஸ் ஐலிங்-எலிஸ் சேனல் 4-ன் நேரலை நிகழ்ச்சியைத் தொகுத்தார். தொகுப்பாளர் வேலையே காதுக்குள் வரும் கட்டளைகளை நம்பித்தான் நடக்கிறது என்று காலங்காலமாகச் சொல்லிவந்த தொழிலில் இது நடந்தது.

இன்னும் தீராத ஒரு கேள்வி இருக்கிறது. வாழ்க்கைக் கதையை எவ்வளவு சொல்வது? மார்ட்டின் ரைட் 2005 ஜூலை 7 லண்டன் ரயில் குண்டுவெடிப்பில் இரண்டு கால்களையும் இழந்தவர். லண்டனுக்கு ஒலிம்பிக் கிடைத்த மறுநாள் அது. ஏழு ஆண்டுகள் கழித்து அதே ஒலிம்பிக் நகரில், 7-ஆம் எண் சட்டையோடு அமர்ந்து ஆடும் கைப்பந்தில் பிரிட்டன் அணிக்காக ஆடினார். இந்தக் கதையைச் சொல்லாமல் விட முடியுமா? முடியாது, விடவும் கூடாது. அவரே அந்த எண்ணை எடுத்து அணிந்தவர். ஆனால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒருமுறை அதைச் சொல்பவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கதையைவிட ஆட்டமே நாடகமாகும் நாட்களும் உண்டு. லண்டனில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் எஸ்6 இறுதி. பிரிட்டனின் எல்லி சிம்மண்ட்ஸுக்கு எதிராக அமெரிக்காவின் விக்டோரியா ஆர்லன். அவருடைய பிரிவுத் தகுதி குறித்துப் போட்டிக்கு முன்பே சர்ச்சை, முதலில் மறுப்பு, பிறகு அனுமதி. சிம்மண்ட்ஸ் 5 நிமிடம் 19.17 விநாடியில் உலக சாதனையோடு வென்றார், ஆர்லனுக்கு வெள்ளி. அடுத்த ஆண்டு ஆர்லனின் தகுதி ரத்தானது. பிறகு அவர் நடக்கத் தொடங்கி, ஈ.எஸ்.பி.என். சேனலில் தொகுப்பாளரானார். சிம்மண்ட்ஸும் ஓய்வுக்குப் பின் தொலைக்காட்சி முகமாகிவிட்டார். ஒரே குளத்தில் எதிரெதிராக நீந்திய இருவருமே மைக் பக்கம் வந்து சேர்ந்தது, விளையாட்டின் அந்தப் பக்கத்திலும் இடம் திறந்துவிட்டதற்கு அடையாளம்.

ஈரமான ஒரு சாக்ஸ்

நம் ஊருக்கு வருவோம். 2016 ரியோவில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு உயரத் தாண்டலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். நம்மில் பெரும்பாலோர் அந்தத் தாண்டலை நேரலையில் பார்க்கவில்லை, செய்தியாகத்தான் கேட்டோம். அடுத்த ஒரு வாரம் தமிழ்ச் சேனல்களில் என்ன ஓடியது? ஐந்து வயதில் பேருந்து ஏறி நசுங்கிய கால், காய்கறி விற்ற தாய், முதல்வர் ஜெயலலிதா அறிவித்த 2 கோடி ரூபாய். அவர் எத்தனை அடி எடுத்து ஓடிவருகிறார், எந்தக் காலை ஊன்றி எழும்புகிறார் என்று எந்தச் சேனலும் வரைந்து காட்டியதாக எனக்கு நினைவில்லை.

டோக்கியோவில் நேரலை வந்தது, தூர்தர்ஷனிலும் யூரோஸ்போர்ட்டிலும். உயரத் தாண்டல் அன்று மழை. அமெரிக்காவின் சாம் குரூ 1.88 தாண்டினார், மாரியப்பன் 1.86-ல் நின்றார். போட்டி முடிந்ததும் மாரியப்பன் காரணம் சொன்னார்: பாதிக்கப்பட்ட வலது காலில் போட்டிருந்த சாக்ஸ் மழையில் நனைந்துவிட்டது, அதனால் தாண்டச் சிரமமாகிவிட்டது. இதுதான் வர்ணனைக்கான சரக்கு. குரூவுக்குச் செயற்கைக் கால். மாரியப்பன் அது இல்லாமல் தாண்டுபவர். 2018-க்குப் பின் பிரிவுகளை மாற்றி அமைத்ததால் டி42 மாரியப்பன் டி63 போட்டியில் செயற்கைக் கால்காரர்களோடு தாண்டுகிறார். ஈரத்தரையில் இந்த இரண்டு வகைக் கால்களுக்கும் என்ன வித்தியாசம்? தாய் விற்ற காய்கறியைவிட இந்தச் சாக்ஸில்தான் அன்றைய 2 சென்டிமீட்டர் இருந்தது.

பாரிஸில் அவருக்கு வெண்கலம், 1.85. ஜியோசினிமாவிலும் பார்க்க முடிந்த அந்தப் போட்டிகளில் இந்தியாவுக்கு மொத்தம் 29 பதக்கம். இன்னொரு அபூர்வமும் நடந்தது. பெண்கள் பூப்பந்து எஸ்.யு.5 அரையிறுதியில் வலையின் இரு பக்கமும் தமிழ்நாட்டுப் பெண்கள். துளசிமதி முருகேசன் 23-21, 21-17 என்று மனிஷா ராமதாஸை வென்று இறுதிக்குப் போனார், வெள்ளி எடுத்தார். மனிஷாவுக்கு வெண்கலம். கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவு அது. ஒரு கை முழுதாக ஒத்துழைக்காதபோது சர்வீஸ் போடுவது எப்படி, பின்னால் பாய்ந்து அடிக்கும்போது சமநிலை எங்கே போகிறது, 23-21 வரை இழுத்த அந்த முதல் செட் எந்த இடத்தில் திரும்பியது? ஐ.பி.எல். ஆட்டம் ஒன்றின் ஒரு பந்தை ஐந்து கோணத்தில் அலசும் நம் சேனல்களுக்கு இதைச் செய்யத் தெரியாமல் இல்லை. செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

லாஸ் ஏஞ்சலிஸ் பாராலிம்பிக் 2028 ஆகஸ்ட் 15-ல் தொடங்குகிறது. ஆள் தேடிப் பயிற்சி கொடுக்கச் சேனல் 4 எடுத்துக்கொண்டது ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. மாரியப்பனுக்கு அப்போது 33 வயது. களத்தில் தாண்டிக்கொண்டிருந்தால் நல்லது. இல்லையென்றால், டி63 இறுதிக்குத் தமிழ் வர்ணனை செய்ய அவரைவிட்டால் வேறு யாரை உட்கார வைப்பது?